சிற்றூழியரைத் திட்டினால் வைத்தியசாலை திருந்தாது



"அரச வைத்தியசாலைக்கு டொக்டரும் மருந்தும் போதும், மற்றவர்கள் சம்பளத்துக்குக் குந்தியிருப்பவர்கள்" என்றொரு கதை முகநூலில் சுற்றுகிறது. நாம் இதை ஏற்கவில்லை.

2024 பெப்ரவரி முதலாம் திகதியை நினைத்துப் பாருங்கள். வைத்தியர்களின் டி.ஏ.டி. கொடுப்பனவு 35,000 ரூபாவிலிருந்து 70,000 ஆனபோது, எங்களுக்கும் தாருங்கள் என்று 72 சுகாதாரத் தொழிற்சங்கங்கள் பணிப்பகிஷ்கரிப்பில் இறங்கின. டொக்டர்மார் கடமையில்தான் இருந்தார்கள். ஆனாலும் வைத்தியசாலைகள் தடுமாறின, அரசாங்கம் இராணுவத்தை அனுப்பியது. சும்மா குந்தியிருப்பவர்களின் இடத்தை நிரப்ப எதற்கு இராணுவம்?

நோயாளியைத் தள்ளுவண்டியில் கொண்டுபோவது யார்? இரத்த மாதிரியை ஆய்வுகூடத்துக்கு எடுத்துச் செல்வது யார்? வார்டைக் கழுவுவது யார்? நம் ஜனாஸாவைப் பிரேத அறையிலிருந்து எடுத்துத் தருவது யார்? இரவில் ஒரு வார்டுக்கு ஒரு சிற்றூழியரை விட்டுவிட்டு, "கூப்பிட்டால் வருவதில்லை" என்று அவரையே திட்டுவது நியாயமா?

காசு கேட்பவர்களும் ஏசுபவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்காக நாம் வக்காலத்து வாங்கவில்லை. ஆனால் முறைப்பாட்டை எடுத்து விசாரிக்க வேண்டியது நிர்வாகம். அந்த நிர்வாகத்தின் நிலை என்ன?

பெரிய வைத்தியசாலைகளில் நிர்வாகம் படித்த வைத்தியர் பணிப்பாளராக இருக்கிறார். சிறிய பிரதேச வைத்தியசாலையில் பொறுப்பு வைத்தியரே நோயாளியையும் பார்க்க வேண்டும், லீவு, களஞ்சியம், அம்புலன்ஸ் டீசல் என்று எல்லாவற்றுக்கும் கையொப்பமும் வைக்க வேண்டும். அவர் கோப்புடன் இருக்கும் நேரம், வெளிநோயாளர் வரிசை நீளும் நேரம். அதற்கும் ஏச்சு வாங்குவது வாசலில் நிற்கும் சிற்றூழியர்தான்.

ஆசிரியர்களான எங்களுக்கு இது விளங்கும். ஆசிரியர் சேவை வேறு, அதிபர் சேவை வேறு என்று பிரித்தது எதற்காக? நன்றாகப் படிப்பிக்கிற எல்லோருக்கும் பாடசாலையை நடத்தத் தெரியும் என்றில்லை. வைத்தியசாலைக்கும் அதே கணக்குத்தான்.

ஆகவே நாம் கேட்பது மூன்று.

1. சிற்றூழியர் வெற்றிடங்களை நிரப்புங்கள். அரசியல்வாதியின் பட்டியலில் அல்ல, தகைமை பார்த்து, பயிற்சி கொடுத்து.

2. சிறிய வைத்தியசாலைகளுக்கும் நிர்வாக உத்தியோகத்தரைத் தாருங்கள். டொக்டர் நோயாளியைப் பார்க்கட்டும்.

3. முறைப்பாட்டுக்குப் பதில் சொல்ல வேண்டியவரின் பெயரையும் தொலைபேசி இலக்கத்தையும் வாசலில் எழுதி வையுங்கள்.

நமது ஊர் வைத்தியசாலை அபிவிருத்திக் குழுக்களும் பள்ளிவாசல் நிர்வாகங்களும் கட்டடமும் கட்டிலும் கேட்டது போதும். இனி ஆளணியைக் கேளுங்கள். ஆளில்லாத கட்டடம் யாரையும் சுகப்படுத்தாது.