தஹினி என்றால் நம்ம எள்ளுதான்!

"மெடிட்டரேனியன் ஓட்டலுக்குப் போகலாமாம்மா?" என்று பிள்ளைகள் கேட்டால் நம்மில் பலருக்கு முதலில் என்ன தோன்றுகிறது? 'ஐயோ, அங்கே போய் என்னத்தைச் சாப்பிடறது? பேரே வாயில் நுழையாதே!' என்பதுதான்.

சென்னையில் நுங்கம்பாக்கம், ஆழ்வார்பேட்டை, அண்ணா நகர் என்று எந்தப் பக்கம் போனாலும் இப்போது லெபனான் சாப்பாடு, கிரேக்கச் சாப்பாடு, துருக்கிச் சாப்பாடு என்று போர்டு தெரிகிறது. பிறந்த நாளா, கல்யாண நாளா, முதல் சம்பளமா, எல்லாவற்றுக்கும் பிள்ளைகள் நம்மை அங்கேதான் இழுத்துக்கொண்டு போகிறார்கள். நாமும் போய் உட்கார்ந்து, மெனு கார்டை அவர்கள் பக்கம் தள்ளிவிட்டு, "நீயே ஏதாவது சொல்லிடும்மா" என்று ஒதுங்கிக்கொள்கிறோம்.

அப்படி ஒதுங்கக் கூடாது சகோதரிகளே! வீட்டில் யாருக்கு எது ஒத்துக்கொள்ளும், யாருக்கு எது ஆகாது என்பது முழுக்கத் தெரிந்தவர்கள் நாம்தான். வீட்டு அடுப்படியில் அவ்வளவு கவனமாக இருந்துவிட்டு, ஓட்டல் மேஜையில் மட்டும் வாயை மூடிக்கொண்டால் எப்படி?

பேர்தான் புதுசு

மத்தியதரைக் கடலைச் சுற்றியிருக்கும் கிரேக்கம், இத்தாலி, ஸ்பெயின், துருக்கி, லெபனான், எகிப்து, மொராக்கோ போன்ற நாடுகளின் சாப்பாட்டைத்தான் மெடிட்டரேனியன் என்கிறார்கள். நம்ம ஊர் ஓட்டல்களில் அதிகம் கிடைப்பது லெபனான் பக்கத்துச் சமையல். கொஞ்சம் உற்றுப் பார்த்தால் எல்லாம் நமக்குத் தெரிந்த சாமான்கள்தான்.

ஹம்முஸ் என்றால் அரபு மொழியில் கொண்டைக்கடலை. வேக வைத்த வெள்ளைக் கொண்டைக்கடலையை எள் விழுது, பூண்டு, எலுமிச்சைச் சாறு சேர்த்து மைய அரைத்தது. ஃபலாஃபெல் நம்ம மசால் வடைக்கு ஒன்று விட்ட தங்கை! ஊற வைத்த கொண்டைக்கடலையை வேக வைக்காமல் பச்சையாக அரைத்து, கொத்தமல்லி, வெங்காயம், சீரகம் போட்டுப் பொரிக்கிறார்கள். எகிப்தில் கடலைக்குப் பதில் ஒரு வகை மொச்சை. பாபா கனூஷ் சுட்ட கத்தரிக்காய் மசியல். லப்னே என்பது துணியில் கட்டித் தொங்கவிட்டு நீர் வடித்த கெட்டித் தயிர். கிரேக்கர்களின் ஜாட்ஸிகி, பூண்டு தட்டிப் போட்ட வெள்ளரிக்காய்த் தயிர்ப் பச்சடி. தபூலே என்பது பார்ஸ்லி கீரையைப் பொடியாக நறுக்கி, ஊற வைத்த கோதுமை ரவையைக் கொஞ்சமாகக் கலந்த சாலட்.

இவ்வளவுதான்! இது தெரிந்துவிட்டால் பாதி பயம் போய்விடும். மீதிப் பாதிக்குத்தான் கேள்வி கேட்க வேண்டும்.

கேட்டதால் தப்பினான்

போன மாதம் என் பெண் முதல் சம்பளம் வாங்கினாள். அவள் செலவில் நாங்கள் எல்லோரும் இப்படி ஒரு ஓட்டலுக்குப் போனோம். நான், இவர், எழுபத்தெட்டு வயசு அத்தை (என் மாமியார்), என் தங்கை, அவளுடைய ஆறு வயசுப் பையன். அவனுக்கு எள் ஆகாது. இரண்டு வருஷம் முன்னால் ஒரு எள்ளுருண்டையைத் தின்றுவிட்டு உதடு வீங்கி, உடம்பெல்லாம் தடிப்புத் தடிப்பாகி, மூச்சு வாங்க ஆரம்பித்து, ராத்திரியோடு ராத்திரியாக ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். அன்றிலிருந்து அவர்கள் வீட்டில் நல்லெண்ணெய்கூடக் கிடையாது.

ஆர்டர் எடுக்க வந்த பையன் மரியாதையான பையன்தான். தங்கை அவனிடம், "எள்ளு போட்டது எதுவும் வேண்டாம்ப்பா" என்றாள். "எள்ளெல்லாம் எதிலயும் இல்லை மேடம்" என்று உடனே சொல்லிவிட்டான். எனக்கு மனசு ஒப்பவில்லை. கடையில் தஹினி பாட்டிலைத் திருப்பிப் படித்துப் பார்த்திருக்கிறேனே!

"ஹம்முஸில் தஹினி உண்டா தம்பி?"

"தஹினி இல்லாம ஹம்முஸ் ஏது மேடம்!" என்று சிரித்தான்.

"தஹினி எதில் செய்யறது?"

"அது ஒரு ஸாஸ் மேடம்..."

தங்கை முகம் வெளுத்துவிட்டது. தஹினி என்பது தோல் நீக்கிய எள்ளை அரைத்த விழுதுதான். அந்தப் பையன் பொய் சொல்லவில்லை, பாவம். பாட்டிலில் வருவதை 'ஸாஸ்' என்று மட்டும் தெரிந்து வைத்திருக்கிறான்.

"சமையல் செய்யறவரைக் கொஞ்சம் கூப்பிட முடியுமா தம்பி?" என்றேன். என் பெண் "அம்மா... எல்லாரும் பார்க்கறாங்க" என்று காதோரம் முணுமுணுத்தாள். பார்க்கட்டுமே!

சமையல்காரர் வந்தார். நாங்கள் சொன்னதைப் பொறுமையாகக் கேட்டார். பிறகு அவரே விரல் விட்டு எண்ணினார். ஹம்முஸில் எள். கத்தரிக்காய் மசியலில் எள். ஃபலாஃபெல்லுக்குத் தொட்டுக்கொள்ளும் ஸாஸில் எள். ரொட்டி மேலே தூவும் ஜாத்தர் பொடியிலும் எள். இனிப்பில் இருக்கிற ஹல்வாகூட எள் விழுதில் செய்தது. "பொரிக்கிற எண்ணெய்ச் சட்டியும் ஒண்ணுதாம்மா. அதனால பிள்ளைக்குப் பொரிச்சது எதுவும் வேண்டாம்" என்று அவரே எச்சரித்தார். தனி வாணலியைக் கழுவி, வெண்ணெயும் உப்பும் மிளகும் மட்டும் போட்டு, சாதமும் கோழித் துண்டும் செய்து கொண்டுவந்து கொடுத்தார்.

"எனக்கு மட்டும் ஏன் தனியா, பெரியம்மா?" என்றான் குழந்தை. "நீதான் இன்னிக்கு வி.ஐ.பி.!" என்றேன். தட்டைக் காலி செய்துவிட்டான். தங்கை அன்று சரியாகச் சாப்பிடவே இல்லை. அவன் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். பெற்ற வயிறு அல்லவா!

அத்தையோ சுத்த சைவம், முட்டைகூடக் கூடாது. கத்தரிக்காய் மசியலை ஒரு வாய் வைத்துவிட்டு, "இது நம்ம சுட்ட கத்தரிக்காய் கொத்சுதானேடி, புளிக்குப் பதிலா எலுமிச்சம்பழம். இதுக்கா இவ்வளவு ரூபாய்?" என்றார். ஆனாலும் இரண்டாவது தடவை கேட்டு வாங்கிக்கொண்டார்!

மெனு கார்டில் எழுதியிருக்காதா?

எழுதியிருக்கும், ஆனால் எல்லாம் இருக்காது. 2020-ல் வந்த உணவுப் பாதுகாப்பு விதிகளின்படி, மத்திய லைசென்ஸ் உள்ள ஓட்டல்களும் பத்து அல்லது அதற்கு மேற்பட்ட கிளைகள் உள்ளவையும் ஒவ்வாமை தரும் பொருள்களை மெனுவில் குறிப்பிட வேண்டும். அந்த விதிகளில் சொன்ன எட்டு வகைகள்: கோதுமை போன்ற க்ளூட்டன் தானியங்கள், இறால் நண்டு வகை, பால், முட்டை, மீன், வேர்க்கடலையும் பருப்புக் கொட்டைகளும், சோயா, ஸல்ஃபைட். இதில் எள் இல்லை, பாருங்கள்! அமெரிக்காவில் 2023 ஜனவரி முதல் எள்ளையும் முக்கிய ஒவ்வாமைப் பட்டியலில் சேர்த்துவிட்டார்கள். நாம் வாய் திறந்து கேட்பதுதான் நமக்குக் காவல்.

என்னென்ன கேட்க வேண்டும்?

1. எள் ஆகாதவர் இருந்தால், "எள் இருக்கா?" என்பதோடு நிறுத்தாமல், "தஹினி, ஜாத்தர், ஹல்வா இருக்கா?" என்றும் கேளுங்கள். பொரிக்கும் எண்ணெய் தனியா என்றும் விசாரியுங்கள்.

2. சைவர்கள் 'முஸாக்கா'வில் ஜாக்கிரதை. லெபனான் முஸாக்கா கத்தரிக்காயும் கொண்டைக்கடலையும் தக்காளியும். கிரேக்க முஸாக்காவில் கொத்துக்கறி உண்டு. திராட்சை இலையில் சாதம் வைத்துச் சுருட்டிய டோல்மாவிலும் இரண்டு வகை இருக்கிறது. பருப்பு சூப்பும் புலாவும் கோழி வேக வைத்த தண்ணீரில் செய்ததா என்று கேளுங்கள். அசல் பார்மஸான் சீஸில் கன்றுக்குட்டியின் வயிற்றிலிருந்து எடுக்கும் உறை சேர்க்கிறார்கள்.

3. 'டூம்' என்ற வெள்ளைப் பூண்டு ஸாஸ், முறையாகச் செய்தால் பூண்டு, எண்ணெய், எலுமிச்சை, உப்பு மட்டும்தான். சில இடங்களில் முட்டை வெள்ளைக்கரு அல்லது மயோனைஸ் சேர்த்துவிடுகிறார்கள். பச்சை முட்டையில் கிருமி பெருகும் அபாயம் இருப்பதால், பச்சை முட்டை மயோனைஸுக்குத் தமிழக அரசு 2025 ஏப்ரலில் ஓராண்டுத் தடை விதித்தது. தடை இருந்தாலும் இல்லாவிட்டாலும் குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் அது வேண்டவே வேண்டாம்.

4. ஷவர்மா என்றால் உள்ளே வரை வெந்ததா என்று பாருங்கள். 2022 மே மாதம் கேரளத்தில் காசர்கோடு மாவட்டத்தில் பதினாறு வயசுப் பெண்ணும், 2023 செப்டம்பரில் நம்ம நாமக்கல்லில் பதினான்கு வயசுப் பெண்ணும் ஷவர்மா சாப்பிட்டபின் இறந்துபோனார்கள். நினைத்தாலே வயிற்றைக் கலக்குகிறது. நடுவில் சிவந்திருந்தால் தயங்காமல் திருப்பி அனுப்புங்கள்.

5. ஒரு வயசு ஆகாத குழந்தைக்கு பக்லாவா நாக்கில்கூட வைக்காதீர்கள். தேன் சேர்த்திருக்கலாம். அந்த வயசில் தேன் கூடாது. சின்னப் பிள்ளைகளுக்கு ஆலிவ் காயைக் கொட்டை எடுத்து, நறுக்கிக் கொடுங்கள்.

6. ரத்த அழுத்தம் உள்ளவர்கள் ஆலிவும் ஃபெட்டா சீஸும் அளவோடு. இரண்டும் உப்புத் தண்ணீரில் ஊறியவை.

ஒவ்வாமை உள்ள குழந்தைக்கு டாக்டர் அட்ரினலின் ஊசி எழுதிக் கொடுத்திருந்தால் ஓட்டலுக்கும் அது கைப்பையில் வர வேண்டும். உதடு, நாக்கு வீக்கம், மூச்சுத் திணறல், அடுக்கடுக்காக வாந்தி என்றால் டாக்டர் சொல்லிக் கொடுத்தபடி ஊசியைப் போட்டுவிட்டு உடனே 108. அலர்ஜி மாத்திரையைக் கொடுத்துவிட்டு 'பார்க்கலாம்' என்று காத்திருப்பது ஆபத்து.

உடம்புக்கு நல்லதாமே?

இவருக்குச் சர்க்கரை. "டாக்டரே மெடிட்டரேனியன் சாப்பாடு நல்லதுன்னு சொல்றார்" என்று ரொட்டிக்கூடையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்! டாக்டர் சொன்னது உண்மைதான். அமெரிக்க விஞ்ஞானி ஆன்ஸெல் கீஸ் 1958-ல் ஏழு நாடுகளில் ஆராய்ச்சி தொடங்கினார். கிரீட் தீவு ஆண்களுக்கு இதய நோய் மிகக் குறைவு என்று அதில் தெரிந்தது. 2010-ல் யுனெஸ்கோவும் இந்த உணவு முறையை மனிதகுலத்தின் அருவப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது.

ஆனால் அது அந்த ஊர் வீட்டுச் சாப்பாடு. காய், கீரை, பருப்பு, பழம், மீன், ஆலிவ் எண்ணெய், கூடவே வயலிலும் மலையிலும் நாள் முழுக்க உழைப்பு. ஓட்டலில் வருவது மைதா ரொட்டி, பொரித்த உருண்டை, பாகில் மிதக்கும் குனாஃபா. இரண்டும் ஒன்றாகுமா? ரொட்டிக்குப் பதில் வெள்ளரி, காரட் துண்டுகளைக் கேட்டு வாங்கினேன். ஹம்முஸோடு இவர் அதையே சாப்பிட்டார், முகத்தைச் சுளித்துக்கொண்டே!

பில்லையும் ஒரு முறை படியுங்கள். சர்வீஸ் சார்ஜைக் கேட்காமலே சேர்க்கக் கூடாது என்று 2022-ல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் சொன்னது. 2025 மார்ச்சில் டில்லி உயர் நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அன்று நாங்கள் விருப்பப்பட்டு அந்தச் சமையல்காரருக்குக் கொடுத்தது தனி!

வீட்டிலேயே ஹம்முஸ்

வெள்ளைக் கொண்டைக்கடலை ஒரு கப் எடுத்து ராத்திரி ஊற வையுங்கள். சிட்டிகை ஆப்ப சோடா சேர்த்துக் குக்கரில் குழைய வேக விடுங்கள். மூன்று மேஜைக் கரண்டி வெள்ளை எள்ளைச் சிவக்காமல் லேசாக வறுத்து, ஆறியதும் இரண்டு ஸ்பூன் எண்ணெய் விட்டு மைய அரையுங்கள். இதுதான் தஹினி! அதோடு கடலை, இரண்டு பல் பூண்டு, ஒரு எலுமிச்சம்பழச் சாறு, உப்பு சேர்த்து, கொஞ்சம் கொஞ்சமாக ஐஸ் தண்ணீர் விட்டு வெண்ணெய் போல் அரையுங்கள். மேலே ஆலிவ் எண்ணெயும் மிளகாய்த் தூளும். ஐந்தாறு பேருக்குப் போதும். சப்பாத்திக்கு நன்றாக இருக்கும்.

எள் ஆகாத வீட்டில் எள்ளுக்குப் பதில் இரண்டு ஸ்பூன் கெட்டித் தயிர் சேருங்கள். எண்ணெய் ஆலிவ் எண்ணெயாகவே இருக்கட்டும். நல்லெண்ணெயும் எள்தான் என்பதை மறந்துவிடாதீர்கள். மிக்ஸியையும் நன்றாகக் கழுவிவிட்டுத்தான் அரைக்க வேண்டும். போன ஞாயிற்றுக்கிழமை தங்கை வீட்டில் இதைச் செய்தோம். "இன்னிக்கு எல்லாருக்கும் ஒரே தட்டா?" என்று கேட்டுவிட்டு, பையன் விரலாலேயே வழித்து நக்கினான்.