மைனருக்கு மோட்டார் மிரர் பூட்டினா என்ன குத்தம்?

"பழைய காரில் கை வைக்காதே, வந்தது வந்தபடியே இருக்கணும்." பதுளைப் பக்கம் யாராவது தன் மொரிஸ் மைனருக்கு, உள்ளே இருந்தபடியே சுவிட்சால் திருப்புகிற சைட் மிரர் பூட்டினால் உடனே இந்த அறிவுரை வந்துவிடும். "ஒரிஜினல் கெட்டுப்போச்சு" என்று ஒரு பெருமூச்சும் கூடவே வரும். எனக்கு அந்தப் பெருமூச்சின் மேல்தான் கோபம்.

முதலில் அந்த ஒரிஜினலையே பார்ப்போம். மைனர் 1948இல் இங்கிலாந்தில் வெளிவந்தது. வடிவமைத்தவர் அலெக் இசிகோனிஸ். அகலம் போதவில்லை என்று பட்டதும், மாதிரிக் காரை நடுவால் அறுத்து, இரண்டு பாதியையும் நாலு அங்குலம் விலக்கி வைத்துப் பார்த்து, அந்த அகலத்தையே வைத்துக்கொண்ட மனுஷன். 1956இல் இரண்டு துண்டு முன் கண்ணாடி போய் ஒற்றைக் கண்ணாடி வந்தது, பின் கண்ணாடியும் பெருசானது. 1961இல், பக்கத்தில் கை மாதிரி எழும்புகிற சிக்னல் போய், மின்னுகிற சிக்னல் வந்தது. எல்லாம் எதுக்கு? ஓட்டுறவருக்கு றோட்டு தெரியணும், றோட்டில் நிற்பவருக்குக் கார் போகிற பக்கம் தெரியணும். செய்த கம்பெனியே சும்மா விடாத காரை நாம ஏன் சாமி மாதிரி கும்பிட்டு வைக்கணும்?

இன்னொன்று. 1990களில் மைனருக்கான பாகங்களை இலங்கையில் செய்து இங்கிலாந்துக்கு அனுப்பினார்கள். பாத் நகரத்து சார்ல்ஸ் வேர் என்பவர் இங்குள்ள பங்காளியோடு சேர்ந்து நடத்திய தொழில் அது. அங்கே 'ஒரிஜினல்' என்று பளபளக்கிற மைனர்கள் சிலதில் இந்த நாட்டுத் தொழிலாளி அடித்த தகரம் இருக்கிறது. அவர்களுக்கு அது உறுத்தவில்லை. நமக்கு ஒரு கண்ணாடி உறுத்துகிறதாம்!

சரி, நம்ம றோட்டுக்கு வருவோம். பசறை, லுணுகலை, மடுல்சீமை, நமுனுகுல என்று எந்தப் பக்கம் போனாலும், மெயின் றோட்டை விட்டுத் தோட்டத்துக்குள் திரும்பினால் ஒரு வாகனத்துக்குத்தான் இடம். எதிரே கொழுந்து லொறி வந்தால் யாராவது ஒருத்தர் பின்னால் போகணும். அநேகமாக அது கார்தான். அந்த நேரம் இடது பின் சில்லு எங்கே, கான் எங்கே, பள்ளம் எங்கே என்று பார்க்க, இடது மிரரைக் கீழே சாய்க்கணும். மைனரின் பழைய மிரர் முன் மட்காட்டில் இருக்கிறது. அதைத் திருப்பணும்னா இறங்கி, மழையில் முன்னால் நடந்து போகணும். யார் போவார்? யாரும் போவதில்லை. குத்துமதிப்பாகப் பின்னால் எடுப்பார்கள். பின்னால் கூடையோடு ஒரு அக்காவோ, பள்ளிக்கூடம் விட்டு வருகிற பிள்ளையோ இருந்தால்? சுவிட்ச் இருந்தால் ரெண்டு செக்கனில் கண்ணாடி கீழே பார்க்கும், ரெண்டு செக்கனில் மேலே வந்துவிடும்.

2021 மார்ச்சில் லுணுகலையிலிருந்து கொழும்புக்குப் போன பஸ், பசறை 13ஆம் கட்டையில் பள்ளத்தில் விழுந்ததை இந்தப் பக்கத்தில் யாரும் மறக்கவில்லை. அதை ஒரு மிரர் தடுத்திருக்கும் என்று சொல்ல வரவில்லை. ஆனால் நம்ம றோட்டில் ஓரம் என்பது எவ்வளவு மெல்லிய கோடு என்று அதற்குப் பிறகும் யாராவது நமக்குச் சொல்லித்தரணுமா?

"அப்போ புதுக் கார் வாங்கு" என்பார்கள். 2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்குத் திரும்பத் திறந்தது 2025இல்தான். திறந்த பிறகும் அந்த விலை யாருக்கு எட்டுது? பலருக்கு மைனர் கண்காட்சிக்கு வைத்த பொருள் இல்லை. அது ஹயருக்குப் போகிற, ஆஸ்பத்திரிக்கு ஓடுகிற வண்டி. அப்பா, மகன், பக்கத்து வீட்டு டிரைவர் என்று மூணு உயரத்து ஆட்கள் மாறி மாறி ஓட்டுகிற வண்டி.

எதிர்த்தரப்பில் நியாயமே இல்லை என்று சொல்லமாட்டேன். கதவில் கண்டபடி துளை போட்டால் பதுளை மழைக்குத் துரு உறுதி. துளைக்கு பெயின்ட் பூசுங்க, வயர் கதவைத் தாண்டுகிற இடத்தில் ரப்பர் போடுங்க, தனி பியூஸ் வையுங்க. கழற்றிய பழைய மிரரைத் துணியில் சுற்றிப் பத்திரப்படுத்துங்க. மைனர் கடைசி வரை பொசிட்டிவ் எர்த் கார். மிரர் மோட்டாருக்கு அது பிரச்சினை இல்லை, எதிர்ப்பக்கம் சுற்றும், வயரை மாற்றிப் போட்டால் சரி. ஆனால் எல்ஈடி சிக்னல், தானாக மடிகிற மிரர் மாதிரி எலக்ட்ரோனிக் சாமான் கருகிப்போகலாம். சூடேற்றுகிற கண்ணாடியும் வேண்டாம். அந்தச் சின்ன டைனமோ லைட்டையும் வைப்பரையும் தாங்குவதே பெரிய விஷயம். குவிந்த கண்ணாடியில் பின்னால் வருவது தூரமாகத் தெரியும், அதையும் பழகிக்கொள்ளணும். படம் காட்ட மாட்டுகிற மிரருக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை.

கடைசியாக, யாருடைய ஒரிஜினல் இது? துரையின் கார் வந்தால் குடையை மடக்கி, கானுக்குள் இறங்கி ஒதுங்கி நின்ற தலைமுறை நம்முடையது. அந்தக் காலத்துக் காருக்கு இடப்பக்கம் யார் நிற்கிறார்கள் என்று பார்க்கும் தேவை இருக்கவில்லை, ஒதுங்கவேண்டியது நாமாக இருந்தோம். இன்றைக்கு ஸ்டியரிங் நம்ம பிள்ளைகளின் கையில். ஓரத்தில் நடப்பதும் நம்ம சனம்தான். ஒதுங்கச் சொல்லி ஹோர்ன் அடிக்கிறதுக்கு முதல், அவங்களைப் பார்க்க ஒரு கண்ணாடி பூட்டுங்க.