பட்டம் பெற்ற பின்

திருச்சிராப்பள்ளி ஒரு கலாசாலை நகரம் என்பதை நாம் சொல்லி வாசகர்கள் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. 1844-ம் வருஷத்தில் நாகப்பட்டினத்தில் தோன்றி 1883-ல் இவ்வூர் வந்து சேர்ந்த செயிண்ட் ஜோசப் கலாசாலை, 1919-ல் ஆரம்பமான நேஷனல் கலாசாலை, 1923-ல் பெண்களுக்கென ஏற்பட்ட ஹோலி கிராஸ், 1951-ல் எழுந்த ஜமால் முகம்மது, சீதாலட்சுமி ராமஸ்வாமி கலாசாலைகள் என்று, பட்டதாரிகளைத் தயாரிக்கும் ஸ்தாபனங்களுக்கு இங்கே குறைவில்லை. மாணவன் உள்ளே நுழைவதற்கு இத்தனை வாசல்கள் இருக்கின்றன. அவன் வெளியே வரும்பொழுது அந்த வாசலில் யார் நிற்கிறார்கள்? இதைப் பற்றியே சில வார்த்தைகள் சொல்ல விரும்புகிறோம்.

நேற்றுவரை 'படிக்கிறான்' என்ற ஒரு சொல் வாலிபனை எல்லாக் கேள்விகளினின்றும் காத்து வந்தது. கடைசிப் பரீட்சையோடு அந்தக் கவசம் கழன்று விடுகிறது. ஸ்ரீரங்கத்து உத்தர வீதியில் எதிர்ப்பட்டவர், "பையன் என்ன செய்கிறான்?" என்று கேட்டால், "சர்வீஸ் கமிஷன் பரீட்சைக்குப் படிக்கிறான்" என்கிறார் தகப்பனார். அது பொய்யன்று. ஆனால் வீட்டில் தந்தையும் மகனும் பேசாமல் விட்ட பல விஷயங்களை அந்த ஒரு பதில் மூடி மறைத்து விடுகிறது.

2024-ம் வருஷம் ஜூன் மாதத்தில் தமிழ்நாடு சர்வீஸ் கமிஷன் நடத்திய நான்காம் தொகுதிப் பரீட்சைக்கு முதலில் அறிவிக்கப்பட்ட ஸ்தானங்கள் 6,244. விண்ணப்பித்தோரோ சுமார் 20 லட்சம் பேர். பத்தாம் வகுப்புத் தேறியவர் எழுதக்கூடிய அப்பரீட்சைக்குப் பட்டதாரிகளும் திரளாகச் செல்லுகிறார்கள். அவர்களைக் குறை கூற நமக்கு மனமில்லை. நிலையான சம்பளத்தை நாடுவது குற்றமா? ஆனால் முந்நூறு பேருக்கு ஒருவர் என்ற விகிதத்தில் கிடைப்பதை நம்பி ஒரு குடும்பம் எத்தனை வருஷம் காத்திருக்கலாம் என்பதை யாராவது கணக்கிட்டுப் பார்க்க வேண்டாமா? ராஜ்ய சர்க்கார் ஏற்படுத்தியிருக்கும் உதவித் திட்டமே ஒரு கணக்கைக் காட்டுகிறது. வேலை வாய்ப்பு அலுவலகத்தில் பெயரைப் பதிந்து ஐந்து வருஷம் காத்திருந்தும் வேலை கிடைக்காத ஏழைப் பட்டதாரிக்கு மாதம் 600 ரூபாய்! ஐந்து வருஷம் சும்மா இருப்பது சகஜம் என்று சட்டமே ஒப்புக்கொண்டது போலல்லவா இருக்கிறது?

இதற்கிடையில் வேறொரு கடிகாரமும் ஓடிக்கொண்டிருக்கிறது. பாங்கியில் கல்விக் கடன் வாங்கியவருக்குப் படிப்பு முடிந்து ஏறத்தாழ ஓராண்டில் தவணை ஆரம்பமாகி விடும். சிறிய தொகைக்கு ஈடு கேட்பதில்லை யென்றாலும், தந்தையோ தாயோ கூட்டுக் கடனாளியாகக் கையொப்பமிட்டிருக்கிறார். வாலிபன் பரீட்சை முடிவை எதிர்பார்த்திருக்கும் அதே மாதங்களில் தகப்பனார் பாங்கியின் கடிதத்தை எதிர்பார்த்திருக்கிறார். அவர் அதை மகனிடம் சொல்வதில்லை. சொன்னால் அவன் படிப்புக் கெடும் என்று பயப்படுகிறார். இந்த மௌனமே பெரிய கேடு என்பது நமது அபிப்பிராயம்.

செயிண்ட் ஜோசப் கலாசாலையில் 1954-ல் பௌதிகத்தில் பட்டம் பெற்ற அப்துல் கலாமின் சரித்திரம் இங்கே நினைவுக்கு வருகிறது. பௌதிகம் தமக்குரிய துறையல்ல, எஞ்சினீரிங்தான் படித்திருக்க வேண்டும் என்பது பட்டம் பெற்ற பிறகுதான் அவருக்குப் புலப்பட்டதாம். சென்னைக் குரோம்பேட்டையில் இடம் கிடைத்தது. கட்டுவதற்குச் சுமார் ஆயிரம் ரூபாய் வேண்டியிருந்தது. அவருடைய தமக்கையார் ஜொஹரா தம் வளையல்களையும் சங்கிலியையும் அடகு வைத்துக் கொடுத்தார். அவ்வளையல்களைத் தம் சொந்தச் சம்பாத்தியத்தில் மீட்பது என்று தம்பி அன்றே தீர்மானித்துக்கொண்டார். இதில் நாம் கவனிக்க வேண்டியது தமக்கையின் தியாகம் மாத்திரமன்று. அடகுக்குப் போனது இன்னது என்று தம்பிக்குத் தெரிந்திருந்தது! நம் வீடுகளில் எத்தனை பிள்ளைகளுக்கு அது தெரியும்?

பின்னரும் அவருக்கு எல்லாம் நினைத்தபடி நடந்துவிடவில்லை. டேராடூனில் விமானப் படைத் தேர்வுக்குப் போன இருபத்தைந்து பேரில் ஒன்பதாமவராக வந்தார். எடுத்துக்கொண்டது எட்டுப் பேரை. 1958-ல் 250 ரூபாய் அடிப்படைச் சம்பளத்தில் டில்லியில் ஒரு சர்க்கார் உத்தியோகத்தை ஏற்றுக்கொண்டார். அதை விட்டு, விமானப் படைத் தேர்வு மறுபடி வரட்டும் என்று ராமேசுவரத்தில் உட்கார்ந்திருக்கவில்லை.

திருவானைக்காவலில் 1888-ல் பிறந்த சி. வி. ராமனின் விஷயம் இன்னும் விசேஷமானது. 1907-ல் எம். ஏ. தேறியபொழுது அவருக்கு வயது பதினெட்டு. ஆராய்ச்சிக்கு இந்நாட்டில் உத்தியோகமே கிடையாது. இங்கிலாந்து சென்று படிக்கலாமென்றால் தேகம் தாங்காது என்று வைத்தியர் தடுத்துவிட்டார். ஆகவே நிதி இலாகாப் பரீட்சை எழுதி, முதல்வராகத் தேறி, விவாகமும் செய்துகொண்டு, கல்கத்தாவில் உதவிக் கணக்கு ஜெனரலாக அமர்ந்தார். பத்து வருஷம் அந்த உத்தியோகம். விடியற்காலையிலும் அலுவலகம் விட்ட பிறகும் பௌபஜார் வீதியிலிருந்த விஞ்ஞான அபிவிருத்தி சங்கத்தில் ஆராய்ச்சி. 1917-ல் அதைவிட மிகக் குறைந்த சம்பளத்துக்கு சர்வகலாசாலை ஆசிரியர் பதவியை ஏற்றபொழுது, அவர் இருட்டில் குதிக்கவில்லை. பத்து வருஷ வேலை கையில் இருந்தது.

ராமனைக் காட்டி வாலிபர்களுக்கு உபதேசம் செய்வது சுலபம். பட்டமளிப்பு விழாப் பிரசங்கிகள் அதை ஓயாமல் செய்து வருகிறார்கள். நாம் அதைச் செய்யப் போவதில்லை. பன்னிரண்டு மணி நேரம் ஜவுளிக் கடையில் நின்றுவிட்டு வீடு திரும்புகிறவனிடம், "இரவில் படி" என்று சொல்ல யாருக்கும் வாய் வரலாகாது. ராமனுக்கு மாலையில் மிச்சமாகப் பொழுதிருந்தது. அதற்குமேல், அந்நேரத்தில் திறந்துவிட ஒரு கதவும் இருந்தது. அந்தக் கதவு இல்லையேல் அவருடைய உறுதி என்ன செய்திருக்கும்?

திருச்சியில் அத்தகைய கதவு எங்கே என்றுதான் கேட்கிறோம். பட்டம் வாங்கிய மறுநாளே கலாசாலைப் புத்தகசாலை பழைய மாணவனுக்கு அந்நியமாகி விடுகிறது. பரிசோதனைச் சாலையைப் பற்றிப் பேச்சே வேண்டாம். திருவெறும்பூரின் பாய்லர் தொழிற்சாலையும் பொன்மலை ரயில்வேத் தொழிற்சாலையும் அருகிலேயே இருக்கின்றன. 1961-ம் வருஷத்துத் தொழில் பழகுநர் சட்டம், எஞ்சினீரிங் படிக்காத பட்டதாரிகளுக்கும் 2014-ம் வருஷத் திருத்தத்தினால் இடமளிக்கிறது. சரித்திரமோ வணிகமோ படித்தவருக்கும் ஒரு வருஷம் உதவித் தொகையுடன் வேலை பழகச் சட்டத்தில் வழியுண்டு என்பதைக் கலாசாலைகள் மூன்றாம் வருஷத்தில் மாணவர்களுக்குச் சொன்னால் என்ன நஷ்டம்?

பெண்களைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். பிள்ளை பரீட்சைக்குக் காத்திருக்கலாம். பெண் வரனுக்குக் காத்திருக்க வேண்டும் என்பது பல வீடுகளில் இன்னமும் எழுதாத சட்டமாயிருக்கிறது. ஹோலி கிராஸ் தோன்றி நூறு வருஷத்துக்கு மேலாகியும் இப்படியிருப்பது நமக்குப் பெருமை தரக்கூடியதல்ல.

வீடுகளில் நடக்க வேண்டியது எளிது. பரீட்சை முடிந்த மாதத்திலேயே தகப்பனார் கடன் பத்திரத்தையும் அடகுச் சீட்டையும் பிள்ளையின் முன் வைக்கட்டும். இத்தனை வருஷம், இத்தனை பரீட்சை, அதற்குள் இல்லையேல் கிடைத்த வேலை என்று இருவரும் சேர்ந்து ஒரு கெடு வைக்கட்டும். கலாசாலைகள், முந்திய ஐந்து வருஷத்துப் பட்டதாரிகளுக்கு இரவு ஒன்பது மணி வரை புத்தகசாலையைத் திறந்து வைக்கட்டும். இரண்டாம் ஷிப்ட் வகுப்புகளுக்காக விளக்கு எரியும் கட்டிடங்கள் இந்நகரில் பல இருக்கின்றன. கூடுதலாக ஒரு காவலாளியின் சம்பளமே செலவு.

சர்வீஸ் கமிஷனாரையும் நாம் ஒன்று கேட்டுக்கொள்கிறோம். பரீட்சைத் தேதியை முன்கூட்டி அறிவிப்பது போலவே முடிவு வெளியாகும் தேதியையும் அறிவித்து, அந்தத் தேதியில் தவறாமல் வெளியிட வேண்டும். முடிவு தாமதிக்கும் ஒவ்வொரு மாதமும் ஒரு வீட்டின் வட்டியில் ஏறுகிறது.