மின்சாரம் தரும் கல்

சமையல் அறையில் கியாஸ் லைட்டரை அழுத்துகிறோம். "டக்" என்று ஒரு சத்தம். பொறி பறக்கிறது. அடுப்பு பற்றிக்கொள்கிறது.

அந்த லைட்டருக்குள் பேட்டரி கிடையாது. அப்படியானால் பொறி எங்கிருந்து வந்தது?

உள்ளே ஒரு சிறு பீங்கான் துண்டு இருக்கிறது. ஈயம், சிர்கோனியம், டைட்டானியம் ஆகிய மூன்றும் ஆக்சிஜனோடு சேர்ந்த பொருள் அது. அதன் மேல் ஒரு சிறு சுத்தியல் அடிக்கிறது. அடி வாங்கியதும் அது மின்சாரத்தைக் கக்குகிறது!

இந்தப் பொருளின் குலப்பெயர் "பெரோவ்ஸ்கைட்." வாயில் நுழையாத பெயர்தான். 1839-ம் ஆண்டு ரஷியாவின் யூரல் மலையில் கிடைத்த ஒரு கல்லை ஜெர்மன் அறிஞர் குஸ்டாவ் ரோஸ் ஆராய்ந்தார். லெவ் பெரோவ்ஸ்கி என்ற ரஷியப் பிரபுவின் பெயரை அதற்குச் சூட்டினார். அந்தக் கல்லில் அணுக்கள் அடுக்கப்பட்டிருந்த அதே முறையில், வேறு அணுக்களையும் அடுக்கலாம் என்பது பின்னால் தெரிந்தது. வீடு ஒன்றுதான், குடியிருப்பவர்கள் மாறுவார்கள். ஆள் மாறினால் குணமும் மாறும்.

லாந்தனம், ஸ்ட்ரான்சியம், மாங்கனீஸ் மூன்றையும் அதில் குடிவைத்தால், எரிபொருள் மின்கலத்துக்கு உதவும் பொருள் கிடைக்கிறது.

அது என்ன மின்கலம்? ஒரு பக்கம் ஹைட்ரஜன் வாயு, மறுபக்கம் காற்று. காற்றில் உள்ள ஆக்சிஜன் பீங்கானுக்குள் புகுந்து, மறுபக்கம் போய் ஹைட்ரஜனோடு சேருகிறது. மின்சாரம் பிறக்கிறது. புகை இல்லை. மிஞ்சுவது நீராவிதான்! குறைந்த சூட்டில் ஓடும் மின்கலங்களில் பிளாட்டினம் போடுகிறார்கள். அதன் விலையைக் கேட்டாலே மயக்கம் வரும். இதற்கு அது வேண்டியதில்லை.

இதைத் திருப்பியும் ஓட்டலாம். பகலில் சூரிய மின்சாரம் மிஞ்சினால், அதைக் கொண்டு நீராவியைப் பிரித்து ஹைட்ரஜனைச் சேமிக்கலாம். இரவில் அந்த ஹைட்ரஜன் மின்சாரம் தரும்.

பிறகு ஏன் இது வீட்டுக்கு வீடு வரவில்லை?

சூடுதான் காரணம். 700, 800 டிகிரி சூட்டில் இது வேலை செய்ய வேண்டும். நாள் ஆக ஆக ஸ்ட்ரான்சியம் மேலே வந்து படிகிறது. பக்கத்தில் உள்ள எஃகிலிருந்து குரோமியம் ஆவியாகி வந்து ஒட்டிக்கொள்கிறது. மின்சாரம் குறைந்துகொண்டே போகிறது. அடிக்கடி நிறுத்தி ஓட்டினாலோ, பீங்கான் விரிசல் விடுகிறது.

"அதிசயப் பொருள் கண்டுபிடிப்பு" என்று அடிக்கடி செய்தி வருகிறது. சோதனைச்சாலையில் சில மணி நேரம் ஓடியதற்கு இத்தனை ஆரவாரமா? குடும்பஸ்தன் கேட்பது ஒன்றே ஒன்று: எத்தனை வருஷம் உழைக்கும்?

அந்தக் கேள்விக்கு ஜெர்மனியில் பதில் தேடினார்கள். யூலிச் நகர ஆராய்ச்சி நிலையத்தில் 2007-ம் ஆண்டு இத்தகைய மின்கலம் ஒன்றை ஓடவிட்டார்கள். 2019-ம் ஆண்டு ஜனவரி வரை, 11 ஆண்டுகளுக்கு மேல் ஓடியது! அதன் பிறகே நிறுத்தினார்கள், உள்ளே எது தேய்ந்தது என்று பார்ப்பதற்காக.

இந்த வேலையில் புகழ் குறைவு. பொறுமை அதிகம் வேண்டும். புதுப் பொருள் தேடுவதற்கு மட்டும் பணம் கொடுத்தால் போதாது. நம் நாட்டிலும் இதுபோன்ற நீண்ட சோதனைகளுக்கு, பத்து ஆண்டுக்கான பணத்தை அரசு முன்கூட்டியே ஒதுக்க வேண்டும்.