கறுப்பு அங்கியும் கிரயப் பத்திரமும்

பட்டம் பெற்று வெளியேறப் போகும் எங்கள் வரலாற்று வகுப்பில், சட்டம் பயிலப் போவதாகச் சொல்பவர் ஐந்தாறு பேர் உண்டு. "கிரிமினலா, சிவிலா?" என்று கேட்டால் அத்தனை பேரும் ஒரே குரலில் "கிரிமினல்" என்கிறார்கள். காரணம் தெரிந்ததே. திரைப்படத்தில் வழக்கறிஞர் மேசையைத் தட்டுகிறார். கூண்டில் நிற்பவன் கண்ணீர் வடிக்கிறான். பத்திரத்தில் நான்கெல்லையைப் படித்துக் காட்டும் வழக்கறிஞரை வைத்து யார் படம் எடுப்பார்?

எடுக்காவிட்டால் போகட்டும். ஆனால் எங்களைப் போன்ற குடும்பங்கள் நீதிமன்றப் படியேறுவது கொலைக்காகவா? நிலத்துக்காகவும் கடனுக்காகவும் அன்றோ!

என் தாத்தா, தரகர் காட்டிய பட்டாவை நம்பி 42 செண்டு நிலம் வாங்கினார். பட்டா விற்றவர் பெயரில்தான் இருந்தது. வில்லங்கச் சான்றிலும் குறை இல்லை. ஆனால் அது விற்றவருடைய தந்தையின் சுயார்ஜிதச் சொத்து. தந்தை உயில் எழுதாமல் இறந்தவர். விற்றவருக்கு இரண்டு தமக்கையர். 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மகளுக்கும் சமபங்கு உண்டு. தமக்கையர் பாகம் கேட்டு வழக்குத் தொடுத்தனர். அது அவர்கள் உரிமை, அவர்கள்மேல் எனக்குச் சினமில்லை. பதினாறு ஆண்டுகள் வாய்தாவுக்கு அலைந்த பின் தாத்தாவுக்கு மிஞ்சியது 14 செண்டு. பட்டா என்பது வருவாய்த்துறைப் பதிவேயன்றி உரிமை மூலம் ஆகாது என்பதும், வில்லங்கச் சான்று பதிவான பத்திரங்களைக் காட்டுமேயன்றிப் பதிவாகாத வாரிசுப் பங்கைக் காட்டாது என்பதும் வழக்கு வந்த பிறகுதான் அவருக்குத் தெரிந்தது. "வாரிசுச் சான்று எங்கே?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்கத் தெரிந்த சிவில் வழக்கறிஞர் ஒருவரை முன்னமே பார்த்திருந்தால் போதும்.

ஆவணத்தைச் சோதித்தறிவது நமக்குப் புதிய கலையன்று. பெரியபுராணத்தில் சுந்தரரின் மணப்பந்தலுக்கு ஒரு முதிய வேதியர் அடிமை ஓலையோடு வருகிறார். சுந்தரர் அதைப் பறித்துக் கிழித்துவிடுகிறார். கிழிந்ததோ படியோலை! மூல ஓலை திருவெண்ணெய்நல்லூர் அவையில் வெளிவருகிறது. பாட்டனார் எழுதிய வேறோர் ஓலையைக் கொணர்ந்து, எழுத்தை ஒப்பிட்டுப் பார்த்த பின்னரே அவையோர் தீர்ப்புச் சொல்கின்றனர். மூல ஆவணத்தைக் காட்டு, கையெழுத்தை ஒப்பிடு என்றுதான் 1872ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டமும் சொன்னது. 2024 ஜூலையில் அதன் இடத்துக்கு வந்த புதிய சட்டமும் அதையே சொல்கிறது.

கடன் வழக்குகளிலோ நாட்கணக்குத்தான் உயிர். கடனுறுதிச் சீட்டின்பேரில் வழக்கிட மூன்றே ஆண்டுகள். கடன்பட்டவர் அதற்குள் எழுத்து மூலம் ஒப்புக்கொண்டாலொழிய, மூன்று ஆண்டுகளும் ஒரு நாளும் கடந்தபின் வந்தவரை நீதிமன்றம் திருப்பி அனுப்பிவிடும். வங்கிக்கு இந்தத் தொல்லை குறைவு. 2002ஆம் ஆண்டுச் சட்டப்படி 60 நாள் அறிவிப்புக் கொடுத்து, சிவில் நீதிமன்றம் போகாமலே அடமான வீட்டைச் சுவாதீனம் எடுக்க நடவடிக்கை தொடங்கலாம். அதை எதிர்ப்பவர் 45 நாட்களுக்குள் கடன் வசூல் தீர்ப்பாயத்துக்குப் போகவேண்டும். நம் மாநிலத்தில் அது சென்னை, கோவை, மதுரை ஆகிய ஊர்களில்தான் இருக்கிறது. முன்சீப் கோர்ட்டில் தடையுத்தரவு கேட்டு நிற்பவருக்கு நாள்தான் வீணாகும். விவசாய நிலத்தின்மீதான அடமானத்துக்கு அச்சட்டம் பொருந்தாது என்பதை எத்தனை உழவர் அறிவர்?

வழக்கை நீட்டிப் பிழைப்பவர் என்று சிவில் வழக்கறிஞரைப் பழிப்பதில் உண்மை இல்லாமல் இல்லை. இந்நாட்டில் டிக்ரி பெற்ற பிறகுதான் வழக்காடியின் துன்பம் தொடங்குகிறது என்று பிரிவி கவுன்சில் 1872இலேயே சொல்லிவிட்டது. நிறைவேற்று மனுக்களை ஆறு மாதத்தில் முடிக்கவேண்டும் என்று உச்சநீதிமன்றம் 2021இல் சொல்ல நேர்ந்தது. என்னைக் கேட்டால், "இந்த வழக்கைப் போடாதே" என்று சொல்லி அனுப்புபவரே நல்ல வழக்கறிஞர்.

ஆனால் நம் மாணவர் அந்த இடத்துக்கு எப்படிப் போய்ச் சேர்வது? பதிவுக் கட்டணம் பொதுப்பிரிவினருக்கு 750 ரூபாய்க்கும், பட்டியல் வகுப்பினர், பழங்குடியினருக்கு 125 ரூபாய்க்கும் மேற்படக்கூடாது என்று 2024இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது, நன்று. அதற்குப் பின் சீனியரிடம் பல ஆண்டுகள் கட்டுத் தூக்க வேண்டுமே, சாப்பாட்டுக்கு என்ன வழி? தந்தை வழக்கறிஞராக இருந்தால் அலுவலகமும் நூல்களும் கட்சிக்காரரும் காத்திருக்கும். தந்தை கூலித் தொழிலாளியானால்? ஜூனியர்களுக்கு நகரங்களில் மாதம் 20,000, கிராமப்புறங்களில் 15,000 ரூபாய் தரலாம் என்று அகில இந்திய வழக்கறிஞர் மன்றம் 2024இல் பரிந்துரைத்தது. பரிந்துரையால் விடுதிக் கட்டணம் கட்ட முடியாது. அதைக் கட்டாயமாக்க வேண்டும். இல்லையேல் நிலமுள்ளவர் பிள்ளைகளே நிலவழக்கு நடத்துவர்.

தாத்தாவின் வழக்குக் கட்டைச் சென்ற விடுமுறையில் பரணிலிருந்து இறக்கிப் படித்தேன். நல்ல உரிமை இல்லாமல் விற்றவர்மேல் இழப்பீடு கேட்டு வழக்கிடலாம் என்று சொத்து மாற்றுச் சட்டம் இடம் தருகிறது. கட்டில் அப்படி ஒரு பிராது இல்லை. யாரும் அவரிடம் சொல்லவில்லை போலும். எண்ணிப் பார்த்தேன், அதற்கும் காலவரம்பு என்றோ கடந்துவிட்டது.