வாசலை மறித்தவர்கள்





மும்பையில் சபை நடத்துகிறவர்களுக்குத் தரைத்தளம் எளிதில் கிடைப்பதில்லை. அதன் வாடகை கடைக்காரர்களுக்கே கட்டுப்படியாகும். நமக்கு வாய்ப்பது மாடிதான். எங்கள் சபையும் பல ஆண்டுகள், லிஃப்ட் இல்லாத ஒரு கட்டிடத்தின் இரண்டாம் மாடியில் கூடிவந்தது. இளம்பிள்ளைவாதத்தால் சிறுவயதிலேயே இரு கால்களும் செயலிழந்த சகோதரி ஒருவர் எங்கள் விசுவாசிகளில் ஒருவர். வீட்டிலிருந்தே தையல் வேலை செய்து, வயதான தாயாரைப் பராமரிக்கிறவர். ஞாயிறுதோறும் நான்கு வாலிபர்கள் அவரை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு 38 படிகள் ஏறுவார்கள். மாற்கு 2-ஆம் அதிகாரத்தில் திமிர்வாதக்காரனைச் சுமந்துவந்த நால்வரோடு அவர்களை ஒப்பிட்டு, பிரசங்க மேடையிலிருந்து நான் பலமுறை பாராட்டியிருக்கிறேன்.

திடீரென்று அந்தச் சகோதரி வருவது நின்றுபோயிற்று. நான்கு வாரம் கழித்து நானும் என் மனைவியும் அவருடைய வீட்டிற்குச் சென்றோம். பின்மாற்றம் என்றெண்ணி, அதற்கேற்ற வசனங்களையும் குறித்துக்கொண்டுதான் போனேன்.

"பாஸ்டர் ஐயா, தம்பிமார்மேல் எனக்கு வருத்தமில்லை" என்று ஆரம்பித்தார். "சனிக்கிழமை இரவிலிருந்தே நான் தண்ணீர் குடிப்பதில்லை. ஆராதனை முடிய மூன்று மணி நேரமாகும். அங்குள்ள கழிப்பறைக்குள் என் நாற்காலி நுழையாது. தூக்கும்போது சேலை விலகினாலும் சரிசெய்ய முடியாது. இரண்டு கைகளாலும் நாற்காலியைப் பிடித்திருக்க வேண்டும். பதினொரு வருஷமாக என் கால்களுக்காக ஜெபிக்கிறீர்கள். நானும் ஆமென் சொல்கிறேன். ஆனால் அந்தப் படிகளைப்பற்றி ஒருவரும் பேசவில்லையே, ஐயா."

குறித்துக்கொண்டு போன வசனங்களில் ஒன்றையும் நான் வாசிக்கவில்லை.

அன்றிரவு மாற்கு 2-ஆம் அதிகாரத்தை மறுபடியும் வாசித்தேன். வேதாகமக் கல்லூரியில் நான் முதன்முதல் பிரசங்கித்த பகுதி அது. அந்த நால்வரின் விசுவாசத்தைப்பற்றி எவ்வளவோ பேசியிருக்கிறேன். அவர்கள் கூரையைப் பிரிக்க நேர்ந்ததன் காரணத்தை மாத்திரம் கவனித்ததில்லை. வாசலை மறித்து நின்றவர்கள் சத்துருக்கள் அல்ல. வசனம் கேட்க வந்த ஜனங்கள். குருடனுக்கு முன்பாக இடறல் வைக்கலாகாது என்று லேவியராகமம் 19:14 கட்டளையிடுகிறதே, அங்கும் அவனுடைய கண்களைக் குறித்தல்ல, வழியில் கிடக்கும் பொருளைக் குறித்தே கர்த்தர் பேசுகிறார். தேவன் சுகமளிக்கிறவர் என்று இன்றும் விசுவாசிக்கிறேன், பிரசங்கிக்கிறேன். ஆனால் சுகம் வருமட்டும் ஒருவர் தாகத்தோடு ஆராதிக்க வேண்டும் என்று வேதத்தில் எங்கும் நான் காணவில்லை.

தேசத்தின் சட்டமும் இதைத் தயவாக அல்ல, உரிமையாகவே கூறுகிறது. மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016-ன்படி, பொதுக்கட்டிடம் என்பது அரசுக் கட்டிடம் மாத்திரமல்ல. பொதுமக்கள் வந்துபோகும் தனியார் கட்டிடங்களும், சமயக் காரியங்களுக்குப் பயன்படுகிறவை உட்பட, அதில் அடங்கும். 2017 ஜூனில் விதிகள் வெளியானதிலிருந்து ஐந்து ஆண்டுகளுக்குள் பழைய கட்டிடங்களும் அனைவரும் வந்துபோகத்தக்கதாக மாற்றப்பட வேண்டும் என்றிருந்தது. அந்தத் தவணை 2022-லேயே முடிந்துவிட்டது. ஊரைவிட்டு வந்த நமக்குப் பயன்படும் இன்னொரு காரியம்: இச்சட்டத்தின்கீழ் ஒரு மாநிலத்தில் பெற்ற மாற்றுத்திறனாளிச் சான்றிதழ் இந்தியா முழுவதும் செல்லும். "தமிழ்நாட்டுச் சான்றிதழ் இங்கே செல்லாது" என்று ஏதாவது அலுவலகத்தில் சொன்னால், பயந்து திரும்பிவிடாதிருங்கள். 58-ஆம் பிரிவைக் காட்டி, பதிலை எழுத்தில் கேளுங்கள். நியாயம் கிடைக்காவிட்டால் மாநில ஆணையரிடம் முறையிடலாம். பவுலும் தம் ரோம குடியுரிமையை எடுத்துச் சொன்னவர்தானே!

சபைக் கமிட்டியில் இதைப் பேசியபோது, "ஒருவருக்காகவா இவ்வளவு செலவு?" என்று ஒரு மூப்பர் கேட்டார். அவர் கெட்டவரல்லர், கணக்கைப் பொறுப்பாகப் பார்க்கிறவர். அப்பொழுது பின்னாலிருந்த ஒரு வயதான தாயார், முழங்கால் வலியால் தாம் உபவாச ஜெபத்திற்கு ஓராண்டாக வருவதில்லை என்றார். அவர் வராததை நாங்கள் யாருமே கவனித்திருக்கவில்லை. கர்ப்பிணிகள், இருதய நோயாளிகள் என்று எண்ண ஆரம்பித்தபின் அந்தக் கேள்வி மறுபடி எழவில்லை.

இப்பொழுது ஒரு பள்ளிக்கூடத்தின் தரைத்தள மண்டபத்தில் கூடுகிறோம், வாடகை அதிகம்தான். தாழ்வாரத்தின் உயரம் 15 அங்குலம். தச்சுவேலை செய்யும் ஒரு சகோதரர் ஆர்வத்தோடு ஆறடிப் பலகையில் சாய்தளம் செய்துவந்தார். அதில் நாற்காலி பின்னோக்கி உருண்டது. ஓர் அங்குல உயரத்திற்கு ஓரடி நீளம் வேண்டும் என்பது பிறகுதான் தெரிந்தது. இரண்டாம்முறை 15 அடியில் செய்தார். சகோதரி யாரும் தொடாமல் தாமே சக்கரத்தைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தார்.

கழிப்பறை வாசலில் இன்னும் ஒரு படி இருக்கிறது; கதவும் குறுகல். பள்ளி நிர்வாகத்திடம், செலவைச் சபை ஏற்கும் என்று கடிதம் கொடுத்துவிட்டு உத்தரவுக்காகக் காத்திருக்கிறோம். அதுவரை ஆராதனையின் நேரத்தைக் குறைத்திருக்கிறோம். என் பிரசங்கம் இப்பொழுது முப்பது நிமிடம்தான்.