விடைத்தாளைத் திருத்துவது யார்?

அமினோ அமில வரிசையைக் கொடுத்தால் புரதம் எப்படி மடிந்து நிற்கும் என்று கணினி இன்று சொல்லிவிடுகிறது. 2024-ஆம் ஆண்டு வேதியியல் நோபல் பரிசில் பாதி, இதற்காகவே டெமிஸ் ஹசாபிஸுக்கும் ஜான் ஜம்பருக்கும் போனது. அந்தக் கணிப்பை உலகம் நம்பக் காரணமான தேர்வைப் பற்றித்தான் பேச்சே இல்லை. 1994 முதல் இரண்டாண்டுக்கு ஒருமுறை நடக்கும் ‘காஸ்ப்’ அது. ஆய்வகத்தில் கண்டறிந்தும் இன்னும் வெளியிடாத வடிவங்களே அதன் வினாக்கள். விடையைப் பார்த்து எழுத வழியே இல்லை. மதிப்பெண் போடும் முறையும் யோசித்து வகுத்தது. வெறும் சராசரி விலகலை எடுத்தால், புரதத்தின் வால்நுனி தளர்ந்து ஆடினாலே நல்ல கணிப்பும் தோற்றுவிடும். எனவே 1, 2, 4, 8 ஆங்ஸ்ட்ரம் எல்லைகளுக்குள் எத்தனை விழுக்காடு அமினோ அமிலங்கள் சரியான இடத்தில் விழுகின்றன என்று தனித்தனியே எண்ணி, நான்கின் சராசரியை எடுக்கிறார்கள். (மில்லிமீட்டரைக் கோடி கூறாக்கினால் ஒரு கூறு ஓர் ஆங்ஸ்ட்ரம்.) 2020-இல் ஹசாபிஸ்-ஜம்பர் குழுவின் ஆல்ஃபாஃபோல்டு 2 பெற்ற இடைநிலை மதிப்பெண் 92.4. செய்தவர்களே அறிவித்திருந்தால் அந்த எண்ணுக்கு இந்த மரியாதை கிடைத்திருக்காது.

இன்று ஆராய்ச்சியாளர் ஆல்ஃபாஃபோல்டு தரவுத்தளத்தைத் திறந்தால் கண்ணில் படுவது அந்த மதிப்பெண் அல்ல. 20 கோடிக்கும் மேற்பட்ட வடிவங்களுக்கு மென்பொருள் தனக்குத்தானே போட்டுக்கொண்ட நம்பிக்கை எண். அது பெரும்பாலும் உண்மையோடு ஒத்துப்போகிறதே என்பார்கள். ஒத்துப்போகிறதுதான். ஆனால் அது அக்கம்பக்கத்தை மட்டும் பார்க்கும் எண். ஒரே புரதத்தின் இரு பகுதிகளும் தனித்தனியே 90-ஐத் தாண்டியிருக்க, ஒன்றுக்கொன்று நிற்கும் கோணம் தவறாக இருக்கலாம். அதைச் சொல்லும் வேறொரு வரைபடமும் கூடவே இருக்கிறது. ஆனால் கண்ணை இழுப்பது உயர் நம்பிக்கையைக் காட்டும் நீல வண்ணம்தான். இத்தகைய எல்லை பழைய சோதனை ஒன்றுக்கும் உண்டு. சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி.என். ராமச்சந்திரன் குழு 1963-இல் தந்த வரைபடம் இன்றும் எந்தப் புரத வடிவத்துக்கும் முதல் சோதனை. புரதச் சங்கிலியின் கோணங்கள் இயற்கையில் சாத்தியமா என்று அது சொல்லும். அந்தப் புரதம் அப்படித்தான் இருக்கிறதா என்று சொல்லாது. நம்பத்தகுந்ததெல்லாம் உண்மையாகிவிடாது.

ஆய்வகத்து வடிவமே பிழையற்றதா என்ற கேள்வி நியாயமானது. ஆய்வுக்காகப் படிகத்துக்குள் நெருக்கியடைத்த புரதம் உயிரணுவுக்குள் சற்று வேறாக இருக்கலாம். காஸ்ப் மதிப்பெண் 90-க்கு மேல் போனால் தவறு கணினியுடையதா, சோதனையுடையதா என்று பிரிப்பதே கடினம். அதற்காகத் தேர்வையே கைவிடலாமா? வினாத்தாளைக் கடினமாக்குவதுதான் முறை. 2022-இல் காஸ்ப் அதைத்தான் செய்தது: புரதத்தோடு ஆர்.என்.ஏ. வடிவங்களையும் கேட்டது. அந்தப் பகுதியில் ஆழ்கற்றல் முறைகள் பின்தங்க, மனித நிபுணர்களின் கைபட்ட பழைய பாணிக் கணிப்புகளே முன்னால் வந்தன.